எங்கப்பா சொல்லுவாரு

சிஸ்டரின் பெயர் என்ன என்று யாராவது கேட்டால் நான் முழிக்க வேண்டியதுதான். ஒன்றே கால் வருஷம் மாதம் தவறாமல் அவர் முன்னால் போய் உட்கார்ந்தவள் நான். என் அம்மாவிடம் சொல்லக் கூசியதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறேன். பெயரைக் கேட்க மட்டும் தோன்றவே இல்லை. கிளினிக்குக்கு வருகிற எல்லோருக்கும் அவர் சிஸ்டர். டாக்டரம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவார்.

பழங்காநத்தத்தில், கீழே மருந்துக் கடையும் டீக்கடையும், மேலே டாக்டரம்மாவின் கிளினிக்கும் இருந்த கட்டடம் அது. டாக்டரம்மா மூன்று மணிக்குத்தான் வருவார். நாங்கள் இரண்டு மணிக்கே போய் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். மேற்கு ஜன்னலுக்குப் பச்சைத் துணி போட்டிருந்தார்கள். மதிய வெயில் அதற்குள் நுழைந்து வரும்போது அறை முழுக்கப் பச்சையாகிவிடும். குளத்துக்கு அடியில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கும். மின்விசிறி கிரீச் கிரீச் என்று மெதுவாகச் சுற்றும். யார் தலையிலாவது இருக்கும் மல்லிகை வாடிக்கொண்டே மணக்கும். ஏழெட்டுப் பெண்கள் பாதித் தூக்கத்தில் சாய்ந்திருப்போம். ஒருத்தியோடு ஒருத்தி பேச மாட்டோம். எங்கள் ஒவ்வொருவர் மடியிலும் ஒரு காலண்டர் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும்.

அது சிஸ்டர் போட்ட சட்டம். பிள்ளை வேண்டுமென்று முதல் தடவை வருகிறவர்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான்.

"அடுப்படியில மாசக் காலண்டர் மாட்டிருப்பீங்கள்ல, அதைக் கழட்டிக் கொண்டாங்க. தேதி கேட்டா நீங்க மாத்திச் சொல்லுவீங்க. காலண்டர் மாத்திச் சொல்லாது."

என்னிடமும் சொன்னார். அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். வயது முப்பத்து மூன்று. என் வீட்டுக்காரர் உதிரி பாகக் கடையில் வேலை, நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். வில்லாபுரத்தில் வாடகை வீடு. மாமியார் டி. கல்லுப்பட்டியில் தனியாக இருந்து, இருக்கிற நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அங்கே போனால் தெருமுனையிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். "என்னத்தா, எதுவும் விசேஷம் உண்டா?" தண்ணீர் பிடிக்கிற பெண்கள் கேட்பார்கள், மளிகைக் கடைக்காரர் கேட்பார், ஒரு தடவை கரண்ட்டு ரீடிங் எடுக்க வந்த ஆள்கூடக் கேட்டுவிட்டுப் போனார். மீட்டரில் தெரியவில்லையா என்று கேட்க நாக்கு வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வெளியே கிண்டல் பேசினாலும் உள்ளுக்குள் எனக்குப் பயம். குறை என்னிடம்தான் என்று யாரும் சொல்லாமலே முடிவு செய்து வைத்திருந்தேன். எனக்குப் பிள்ளை வேண்டும். ஊர் வாயை அடைப்பதற்காக இல்லை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுச் சின்ன வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, அந்த வெறும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன். அவ்வளவுதான் காரணம்.

போன வருஷக் காலண்டரை மேஜையில் விரித்துப் போட்டு சிஸ்டர் படித்ததை இன்னும் மறக்க முடியவில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, கையில் பென்சிலோடு, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். ஒரு வீட்டின் ஜாதகமே அதில்தானே இருக்கிறது? பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. சிலிண்டர் மாற்றிய நாளுக்கு ஒரு 'சி'. எனக்கு மாதவிலக்கு வந்த நாளுக்கு ஒரு சிவப்புப் புள்ளி.

"புள்ளியெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. முப்பது நாளுக்கு ஒருக்க. சரி, இந்தப் பச்சை வட்டம் என்ன?"

"விரதம் சிஸ்டர். எங்க அத்தை போன்ல சொல்லுவாங்க, நான் குறிச்சுக்குவேன்."

"எதுக்கு விரதம்?"

"பிள்ளைக்குத்தான்."

"விரதத்தன்னைக்கு என்ன செய்வீங்க?"

"ஒரு பொழுதுதான் சாப்பாடு. அப்புறம்..." நான் குரலை இறக்கினேன். "அவரு ஹால்ல படுத்துக்குவாரு."

சிஸ்டர் ஒவ்வொரு மாதத்திலும் புள்ளியிலிருந்து எண்ணி, பன்னிரண்டாம் நாள் தொடங்கி பதினேழாம் நாள் வரை, கரு தங்கக்கூடிய ஆறு கட்டங்களுக்குப் பென்சிலால் கோடு போட்டார். பிறகு காலண்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். முதல் மாதம் அந்த ஆறு கட்டத்தில் செவ்வாய், பிரதோஷம், பௌர்ணமி, வெள்ளி. மீதி இரண்டும் சனி, ஞாயிறு. அந்த இரண்டு நாளும் என் வீட்டுக்காரர் அவர் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போய்விடுவார். அடுத்த மாதம் கிருத்திகை, பௌர்ணமி. கார்த்திகை, மார்கழி இரண்டு தாளிலும் வட்டம்கூட இல்லை, குறுக்கே ஒரே நீளக் கோடு.

"இது என்ன கோடு?"

"மாலை போட்டிருந்தாரு சிஸ்டர். பிள்ளை வேணும்னு வேண்டிக்கிட்டு."

சிஸ்டர் பென்சிலைக் கீழே வைத்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. அடக்கவும் செய்தார்.

"தாயி, ரெண்டு வருசமா முயற்சி பண்றோம்னு சொன்னீங்க. நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

நான்தான் முதலில் சிரித்தேன். கணக்கு டீச்சர்! ஆறு கட்டத்தை எண்ணிப் பார்க்கத் தெரியவில்லை. பிள்ளை கொடு என்று கேட்டு இருந்த விரதமெல்லாம் பிள்ளைக்கு ஒரு நாள்கூட மிச்சம் வைக்கவில்லை. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. சிஸ்டர் மேஜை மேலிருந்த பஞ்சில் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தார், துடைத்துக்கொள்ள.

பிறகு எழுந்து பால்கனிக்குப் போனார். புருஷன்மார்கள் யாரும் மாடி ஏறுவதில்லை. கீழே டீக்கடையில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களை மேலே வரவழைப்பதில் சிஸ்டருக்கு அலாதி ஆசை.

"அண்ணே! அந்த நீலச் சட்டை அண்ணே! ஆமா, நீங்கதான். வடையைத் தின்னுட்டு மேல வாங்க. இது ரெண்டு பேரு வேலை."

தெருவே நிமிர்ந்து பார்த்தது. என் வீட்டுக்காரர் பாதி வடையோடு மேலே வந்தார். அவருக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு, காலண்டரைக் காட்டி, சிஸ்டர் கேட்டார்.

"எங்கப்பா சொல்லுவாரு, மடை திறந்து விடுற அன்னைக்கு வயக்காட்டுல ஆளு இருக்கணும்னு. நீங்க எங்க இருந்தீங்க?"

"டி. கல்லுப்பட்டியில சிஸ்டர்" என்றார் அவர், வெள்ளந்தியாக.

அன்றைக்குத்தான் 'எங்கப்பா சொல்லுவாரு' என்பதை நான் முதன்முதலாகக் கேட்டது. அதற்கப்புறம் அது இல்லாமல் சிஸ்டர் பேசி நான் கேட்டதில்லை. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை எழுதி, தினம் ஒன்று போடச் சொல்லி ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுத்தார். கரு தரிப்பதற்கு முன்பிருந்தே போட வேண்டுமாம். "இன்னும் ஒண்ணுமே இல்லையே, இப்பவே எதுக்கு?" என்று கேட்டேன். டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் சிஸ்டர் சொல்லிவிட்டார். "உழவு ஓட்டாம வெதைச்சவன் குருவிக்கு வெதைச்சான்னு எங்கப்பா சொல்லுவாரு." என் வீட்டுக்காரருக்கும் பரிசோதனை எழுதியபோது, "எனக்கு எதுக்கு டாக்டர்?" என்று நெளிந்தார். "வயலை மட்டும் பாத்தா போதுமா? வெதையைப் பாக்க வேணாமான்னு எங்கப்பா கேப்பாரு." அவர் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். சிகரெட்டையும் அன்றோடு விடச் சொன்னார் சிஸ்டர். அதற்கும் அப்பா ஏதோ சொல்லியிருந்தார்.

அந்த அப்பாவுக்கு ஒன்று தெரியாமல் இல்லை. தைராய்டுக்குச் சொல்லுவார், சுகருக்குச் சொல்லுவார், மருமகளைத் திட்டும் மாமியாருக்குச் சொல்லுவார். விரதத்தை விட்டுவிடச் சொன்னால் என் மாமியார் என்னை வீட்டுக்குள் விட மாட்டார் என்று நான் கலங்கியபோதும் அப்பாதான் வந்தார். "சாமியை விடச் சொல்லல. அந்த ஆறு நாளை மட்டும் தள்ளி வச்சுக்கங்க. கேக்குற பிள்ளைக்கு நாள் ஒதுக்காம சாமி என்ன செய்யும்னு எங்கப்பா சொல்லுவாரு." மாமியாரிடம் இதைப் போனில் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "அந்தப் பெரிய மனுசன் சொல்றதும் நாயமாத்தான் இருக்கு" என்றார்.

தை முடிகிற நேரத்தில் ஆரம்பித்தோம். அந்த மாதங்கள் எனக்குத் தெளிவாக நினைவில்லை. எல்லாம் பச்சைத் துணிக்குப் பின்னால் நடந்தது போலத்தான் இருக்கிறது. காலையில் எழுந்ததும் மாத்திரை. கரும்பலகையில் சூத்திரம் எழுதிக்கொண்டிருக்கும்போதே மனது ஓரத்தில் நாளை எண்ணிக்கொண்டிருக்கும். தூங்கினால் கனவு வரும். கனவில் ஒரு வயல். முழுக்கத் தண்ணீர் கட்டி நிற்கும், அதில் வானம் கிடக்கும். வரப்பில் ஒரு பெரியவர் தலைப்பாகையோடு, தோளில் மண்வெட்டியை வைத்துக்கொண்டு நடந்து போவார். முகம் தெரியாது. எங்கேயோ குனிந்து ஒரு கை மண்ணைத் தள்ளுவார், தண்ணீர் அடுத்த பாத்திக்கு ஓடும். அவர்தான் சிஸ்டரின் அப்பா என்று கனவிலேயே எனக்குத் தெரியும். எழுந்த பிறகும் கால் நனைந்தது போல இருக்கும்.

மாசியில் சிவப்புப் புள்ளி வந்தது. பங்குனியில் வந்தது. சித்திரையில் வருவதற்கு நான்கு நாள் முன்னாலேயே அவசரப்பட்டுச் சோதனைக் குச்சி வாங்கிப் பார்த்து, ஒற்றைக் கோட்டைப் பார்த்து அழுதுவிட்டு கிளினிக்குக்குப் போனேன். சிஸ்டருக்குக் கோபம் வந்து பார்த்தது அன்றைக்குத்தான். "முளைச்சிருச்சான்னு தோண்டித் தோண்டிப் பாத்தா முளைக்கிறதும் முளைக்காது. எங்கப்பா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். காலண்டரை வாங்கி அந்தத் தாளை அவரே திருப்பிவிட்டார். "சரி. அடுத்த தாளு."

ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஒன்றே கால் வருஷத்தில் 'விசேஷம் உண்டா' என்று என்னைக் கேட்காத ஒரே ஆள் அவர்தான். என் தேதி அவருக்கு மனப்பாடம். ஆனாலும் நான் படியேறி வரும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். ஏதாவது மருந்துப் பெட்டியை அடுக்கிக்கொண்டே, "வெளிய வெயிலு எம்புட்டு?" என்றுதான் கேட்பார். நானாகச் சொல்லும்வரை வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம்.

வைகாசி, ஆனி இரண்டும் புள்ளிதான். எங்கள் இருவர் பரிசோதனையிலும் பெரிதாக ஒன்றும் இல்லை, இன்னும் கொஞ்சம் பார்ப்போம், முடியாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்றார் டாக்டரம்மா. அடுத்து வந்தது ஆடி.

ஆடி பிறந்த அன்று காலையிலேயே மாமியார் பஸ் ஏறி வந்துவிட்டார். ஆடியில் தரித்தால் சித்திரையில் பிறக்கும். சித்திரையில் பிள்ளை பிறந்தால் அப்பனுக்கு ஆகாது. 'சித்திரை அப்பன் தெருவிலே' என்று சொல்லாத வீடு எங்கள் பக்கம் உண்டா? "இந்த ஒரு மாசம் நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிருத்தா. அவன் எனக்கு ஒத்தப் புள்ள" என்றார். அவர் புருஷனை இருபத்தெட்டு வயதில் இழந்தவர். அவர் பயந்ததை என்னால் குறை சொல்ல முடியாது. சொல்லப்போனால் நானும் பயந்தேன். பள்ளிப் போட்டிக்காக மூடநம்பிக்கை பற்றிக் கட்டுரை திருத்தியவள்தான். ஆனாலும் ஹாலில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த மனுஷனைப் பார்த்ததும் ஒன்றுதான் தோன்றியது. பிள்ளை வேண்டும், அதற்கு அவரை விலையாகக் கேட்டால்? ஒரு மாதம் விட்டுவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன். அதைச் சொல்வதற்காகக் கிளினிக்குக்குப் போனேன். மாமியாரும் கூடவே வந்தார்.

சிஸ்டர் எதற்கும் யாரோடும் மல்லுக்கு நிற்காதவர். விரதத்தைக்கூட ஓரமாக நகர்த்தித்தானே வைத்தார்? அன்றைக்கு மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்து, "சித்திரைப் புள்ள அப்பனை முழுங்கிரும் தாயி" என்று சொன்னதும், சிஸ்டர் கையிலிருந்த பென்சில் அப்படியே நின்றுவிட்டது. மூக்கு நுனிக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்கள் சின்னப் பெண்ணுடையதாக இருந்தன.

"ஆத்தா, நான் சித்திரையில பொறந்தவ. அழகர் ஆத்துல எறங்குன மறுநா."

மாமியார் சிஸ்டரின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"எங்கப்பாவுக்கு இப்ப எழுவத்திரண்டு. நான் எந்திரிக்க முந்தி எந்திரிச்சுப் போயி பால் வாங்கிட்டு வந்துருவாரு. என்னைய ஒரு வேலை செய்ய விட மாட்டாரு."

"மெய்யாவா?"

"உங்ககிட்டப் பொய் சொல்லி எனக்கு என்ன கிடைக்கப் போகுது ஆத்தா?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது மாமியார் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "எழுவத்திரண்டு" என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். வீட்டுப் படியேறும்போது நின்றார். "நல்லபடியா எல்லாம் முடிஞ்சா அந்தப் பெரியவருக்கு வேட்டி துண்டு எடுத்துக் குடுத்து, புள்ளைய அவரு காலடியில போட்டு எடுக்குறேன்னு வேண்டிக்கிட்டேன்." சொல்லிவிட்டு அன்று சாயங்கால பஸ்ஸுக்கே ஊருக்குப் போய்விட்டார். வேண்டுதல் இல்லாமல் அவரால் எதையும் விட்டுக்கொடுக்க முடியாது.

ஆவணியில் காலண்டரில் புள்ளி இல்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். குச்சியைத் தொடவில்லை. தோண்டிப் பார்க்கக் கூடாதே. ஏழாம் நாள் கிளினிக்குக்குப் போனேன். சிஸ்டர் மருந்துப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். "வெயிலு எம்புட்டு?" என்றார். நான் காலண்டரை விரித்து, காலியான அந்தக் கட்டத்தைக் காட்டினேன். அவர் கட்டத்தைத் தடவிப் பார்த்தார், புள்ளி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்பது போல. "ஆறு நாளா போன் அடிக்கிறப்பல்லாம் நீங்கதானோன்னு ஓடுறேன் தாயி" என்றார்.

சித்திரை ஆறாம் நாள் மகள் பிறந்தாள்.

நேர்த்திக்கடனை முடிக்க மாமியார் துடித்தார். சிஸ்டரோ பிடி கொடுக்கவில்லை. அப்பா ஊருக்குப் போயிருக்கிறார், அப்பாவுக்குக் காய்ச்சல், அப்பாவுக்கு ஆள் கூட்டம் பிடிக்காது என்று ஏதாவது சொல்லுவார். குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்ததும், "மனுசன் இம்புட்டு அடக்கமாவா இருப்பாரு? நாமளே போவோம்" என்று கிளம்பிவிட்டார் மாமியார். மருந்துக் கடைக்காரரிடம் விலாசம் கேட்டோம். எங்கள் வில்லாபுரத்திலேயே, நான்கு தெரு தள்ளித்தான் வீடு. ஒரு தட்டில் பழம், வெற்றிலை, சரிகைக் கரை வேட்டி, துண்டு. என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் குழந்தையோடு உள்ளே போனோம்.

சிஸ்டரின் அம்மா கதவைத் திறந்தார். ஒடிசலான மனுஷி.

"அப்பாவைப் பாக்க வந்தோம்" என்றார் மாமியார்.

"எந்த அப்பா?"

"சிஸ்டரோட அப்பா. பெரியவரு."

அந்த அம்மாள் எங்களையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பினார். நாங்களும் திரும்பினோம். சட்டத்துக்குள் ஒரு போட்டோ, அதன் மேல் சின்னச் சிவப்பு பல்பு. பெரிய காலர் வைத்த சட்டை, வகிடெடுத்து வாரிய தலை. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என் வீட்டுக்காரரைவிடச் சின்னப் பையன்.

"இவ பொறந்த பதினோராம் நாளு. கெணத்து மோட்டாரை இறக்கப் போனவரு, கரண்ட்டு அடிச்சிருச்சு" என்றார் அந்த அம்மாள். "அப்பனை முழுங்குனவன்னு ஊரே இவளைப் பேசுச்சு. அந்தப் பேச்சு தாங்காமத்தான் கைப்பிள்ளையோட இங்கிட்டு வந்துட்டேன்."

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நிமிஷம் சிஸ்டர் மேல் எனக்கு வந்தது பாசம் இல்லை. பயமும் கோபமும்தான். இவரை நம்பித்தானே ஆடியில் துணிந்தோம்? வாசலில் நின்றவரின் குரல் கேட்கிறதா என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டேன். கேட்டது. யாரிடமோ கியர் பாக்ஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மாமியாரும் அந்தக் குரலைத்தான் கேட்டுக்கொண்டு நின்றார் என்று அவர் கழுத்து திரும்பியதிலேயே தெரிந்தது.

அப்போது சிஸ்டர் வந்தார். கையில் பால் பாக்கெட். எங்களைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பால் கவரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆத்தா..." என்றார். யாரையும் பார்க்காமல் சொன்னார். "அவரு எங்கிட்ட ஒரு வார்த்தை பேசுனதில்ல ஆத்தா. அதான் நானாவே பேச வச்சுக்கிட்டேன். இருந்தா இப்படிச் சொல்லுவாரு, இருந்தா இந்நேரம் பால் வாங்கியாருவாருன்னு... சொல்லிச் சொல்லி எனக்கே அப்புடித்தான் ஆகிப்போச்சு."

மாமியார் அசையவில்லை. அவர் ஒத்தப் பிள்ளை வெளியே சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தட்டை எடுத்துப் போய் போட்டோவுக்கு முன்னால் வைத்தார். வேட்டியின் மடிப்பை நீவிவிட்டார். மகன் வயதுகூட இல்லாத அந்த முகத்தைப் பார்த்துக் கை கூப்பினார்.

"அண்ணே, நீங்க சொன்னீகன்னு உங்க மக சொல்லுச்சு. அதுபடிதான் செஞ்சோம். புள்ள நல்லாருக்கு. எம் மகனும் நல்லாருக்கான். இனியும் பாத்துக்கங்க."

என்னிடமிருந்து குழந்தையை வாங்கி, போட்டோவுக்குக் கீழே தரையில் ஒரு நொடி கிடத்தி எடுத்தார். எடுத்ததும் என்னிடம் தரவில்லை. நேராகக் கொண்டுபோய் சிஸ்டர் கையில் வைத்தார். சிஸ்டர் பால் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டுக் குழந்தையை வாங்கினார்.

"நீ ஒண்ணும் முழுங்கல தாயி" என்றார் மாமியார். "யாரும் யாரையும் முழுங்கல."

சிஸ்டர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தமே இல்லை. என் மகள் அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷத்தில் டாக்டரம்மா கிளினிக்கை மூடிவிட்டு மகன் இருக்கிற ஊருக்குப் போய்விட்டார். சிஸ்டரும் அம்மாவோடு வீடு மாறிப் போய்விட்டார், எங்கே என்று மருந்துக் கடைக்காரருக்கும் தெரியவில்லை. அந்தக் கனவு மட்டும் எப்போதாவது வரும். தண்ணீர் கட்டிய வயல், வரப்பில் ஆள். இப்போது தலைப்பாகை இல்லை. பெரிய காலர் சட்டை போட்ட ஒரு பையன், மண்வெட்டியைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாமல் நடந்து போகிறான்.

ஒவ்வொரு சித்திரையும் நான் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கடக்கிறேன். படித்த படிப்பு அதற்கு உதவுவதில்லை. மாமியார் இப்போதெல்லாம் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

மகள் எல்.கே.ஜி. போகிறாள். போன வாரம் பக்கத்து வீட்டுப் பையனோடு படிக்கட்டில் ஒரே சண்டை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவள் சொன்னது அடுப்படி வரை கேட்டது. "மழை பேஞ்சா நிலா நனையாது. எங்கப்பா சொல்லுவாரு."

பால் வாங்கிக்கொண்டு அப்போதுதான் படியேறி வந்தார் என் வீட்டுக்காரர். "நான் எப்படா சொன்னேன்?" என்றார்.

"சொன்னதாவே இருக்கட்டும், உள்ள வாங்க" என்று சொல்லி, அவர் கையிலிருந்து பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டேன்.